குரல் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரம்

முதலில் இடது காதில் ஓர் இரைச்சல் வந்தது. ஷிப்ட் முடிந்து திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோ ஏறிய பிறகும் பிரஸ் மெஷின் எனக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. தகடு அழுத்தும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் நின்றவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. தூங்கி எழுந்தால் போய்விடும். ஒரு நாள் போகவில்லை.

அரசு மருத்துவமனையில் ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து ஆடியோகிராம் (எந்தச் சத்தம் எந்த அளவில் கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்தார்கள். சரிந்து இறங்கிய கோட்டை டாக்டர் காட்டினார்.

"உள்காதுல இருக்கிற நுண்ணிய முடி செல்லெல்லாம் செத்துப்போச்சும்மா. திரும்ப வளராது."

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. இரண்டு காதுக்கும் மெஷின் மாட்டிக்கொண்டேன்.

என் கணவர் டில்லி கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்கியவர். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கும் கேட்கிற குரல். என் காது போன இரண்டாவது வருடம் அவருக்கு இதயச் செயலிழப்பு (ரத்தத்தைத் தள்ளும் சக்தி குறைந்து மூச்சு வாங்குவது) என்றார்கள். வேலை நின்றது. குரலும் இறங்கிப்போனது. பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலும் எனக்குப் பாதிதான் கேட்டது.

மகள் சுதா சட்டையில் மாட்டும் சின்ன மைக் ஒன்றை வாங்கி வந்தாள். அவர் பேசுவது போன் வழியாக, ஒயர் இல்லாமல், என் காது மெஷினுக்கு வரும். வந்தது. ஆனால் அவர் உதடு மூடிய பிறகு வந்தது. முகத்தைப் பார்த்தால் குழப்பம், பார்க்காவிட்டால் புரியவில்லை. இரண்டு நாளில் எனக்குத் தலை சுற்றியது.

"டப்பிங் படம் மாரி கீதுய்யா நீ பேசறது" என்றேன். சிரித்தார், மூச்சு வாங்கினார்.

வண்ணாரப்பேட்டையில் ஆடியோலஜிஸ்ட் (கேட்புத்திறன் நிபுணர்) நஸ்ரீன் காரணம் சொன்னார். சத்தம் விட்டுவிட்டுக் கேட்கக் கூடாதென்று போன் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டுதான் அனுப்புமாம். பாட்டுக்கு அது பரவாயில்லை, எதிரில் இருந்து பேசுகிறவருக்கு ஆகாது. அவர் போனை நடுவிலிருந்து எடுத்துவிட்டு, மைக்கை நேராக மெஷினோடு இணைத்தார். சத்தத்தைத் தேக்காமல் சிறு சிறு துண்டுகளாக உடனுக்குடன் அனுப்பும்படி மாற்றினார்.

"இன்னாமே, கேக்குதா?" என்றார் என் கணவர். உதடும் குரலும் ஒன்றாக வந்தன. அங்கேயே அழுதுவிட்டேன்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குக்கா" என்றார் நஸ்ரீன். "நீங்க போன் பேசும்போது மைக் சத்தம் வராது. மைக்குக்கு முதல் இடம் குடுக்கணும். அப்போ அவரு கூப்பிட்டா போன் சத்தம் தானா அடங்கிடும். மெஷினை ஒரு நாள் இங்க விட்டுட்டுப் போங்க."

ஒரு நாள் முழுக்க என் கணவர் குரல் இல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. "அடுத்த வாரம் வரேம்மா" என்றேன். போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டே சுதாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவள் முழுகாமல் இருந்தாள். மாமியார் வைத்த குழம்பை வாந்தியெடுத்துவிட்டு வந்து, "ருசியா கீது அத்தே" என்று சொன்ன கதையைச் சொன்னாள். விழுந்து விழுந்து சிரித்தேன்.

பேசி முடித்ததும் மெஷினில் 'டிக்' என்றது, மைக் திரும்ப இணைந்தது. அடுத்து என் காதுக்குள் ஒரு மூச்சு கேட்டது. இழுத்து இழுத்து வந்த மூச்சு. திரும்பினேன். பின்னால் அறையில், கட்டிலிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார்.

ஐசியுவில் இரண்டாம் நாள் பேசினார். மைக்கைக் கழற்றியிருந்தார்கள். அவர் வாயருகே காதை வைத்துக்கொண்டேன்.

"ஒரு தபா கூப்ட்டேன்மே. நீ பொண்ணாண்ட சிரிச்சுகினு இருந்த. பேசி முடிக்கட்டும்னு வுட்டேன்."

"இன்னொரு தபா கூப்ட்டா இன்னாய்யா?"

"எவ்ளோ நாளாச்சு, நீ அப்டி சிரிச்சி."

நான்காம் நாள் போய்விட்டார்.

கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். "பிழைச்சிருப்பாருன்னு சொல்ல முடியாதும்மா" என்றார். பிறகு, "இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார். பொய் சொல்லாததற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். அந்த இரண்டாவது வாக்கியத்தோடுதான் வாழ்கிறேன்.

பல மாதம் மெஷினை மாட்டவில்லை. கேட்க வேண்டிய குரல் எதுவும் இல்லை என்று இருந்தேன். பேத்தி பிறந்ததும் சுதா சண்டை போட்டாள். "பாப்பா அழுவறது உனக்குக் கேக்க வேணாமா?" வண்ணாரப்பேட்டைக்குப் போய் மெஷினை விட்டுவிட்டு வந்தேன். அன்று நான் தள்ளிப்போட்ட வேலை ஒரு நாள்கூடப் பிடிக்கவில்லை. மாலையிலேயே கொடுத்துவிட்டார் நஸ்ரீன்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் இப்படி இருவர் இருக்கலாம். ஒருவர் போனில் பேசும்போது மற்றவர் மைக்கில் கூப்பிட்டுப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் இன்றே போய்ச் சரிசெய்யுங்கள். உடம்பு முடியாதவரிடமும் சொல்லிவையுங்கள், நாங்கள் சிரித்தாலும் கூப்பிடு என்று.

இரைச்சல் இன்னும் இருக்கிறது. ஆனால் என் முதுகு மாறிவிட்டது. பின்னால் நடப்பதை அதுதான் முதலில் உணர்கிறது. சுதாவோடு போனில் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிறுத்தி, திரும்பி, அறையைப் பார்க்கிறேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரிவதில்லை. சுதாவுக்குத் தெரியும். அவள் பேசாமல் காத்திருக்கிறாள்.

பிறகு, "ம், சொல்லு" என்கிறேன்.