துணி போட்டு மூடிய மெசின்

கடிதம் பிரெஞ்சில் இரண்டு பக்கம் இருந்தது. சமையலறையில் நின்றபடியே அக்காவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். வீடு மிகவும் ஒழுங்காக இருக்கிறது, தாய் அமைதியானவர், குடும்பம் நன்றாகச் சமாளிக்கிறது. ஆகவே அரசாங்கம் அனுப்பும் தாதி அடுத்த மாதத்திலிருந்து வாரத்தில் ஐந்து நாள் அல்ல, இரண்டு நாள்தான் வருவார். அந்த ‘ஆகவே’யில்தான் எனக்கு உறைத்தது. இதை எழுத வைத்தவர்கள் நாங்களேதான்.

அக்காவின் மகளுக்கு நாலு வயது. கழுத்தில் போட்ட குழாய் வழியாகத்தான் மூச்சு. சளி அடைத்தால் உடனே மெசினால் உறிஞ்சி எடுக்கவேண்டும். கொஞ்சம் பிந்தினால்... இந்த வசனத்தை எங்கள் வீட்டில் யாரும் முடிப்பதில்லை. அத்தான் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறார், நான் பல்கலைக்கழகத்துக்கு ஓடுகிறேன். தாதி இருக்கும் பகலில்தான் அக்கா நித்திரை கொள்வாள்.

கடிதத்துக்கு முன், எங்கள் நிலைமையை மதிப்பீடு செய்ய அரசாங்கத்திலிருந்து ஒரு பெண்மணி வருகிறார் என்றதும் முதல் நாள் முழுக்க வீட்டைத் துடைத்தோம். குழாய்ப் பெட்டிகள் அலுமாரிக்குள் போயின. அறைக்குள் தள்ளிய மெசினுக்கு மேல் பூப்போட்ட துணி. பிள்ளைக்குப் புதுச் சட்டை. அவள் சத்தமில்லாமல் உதடசைத்து ‘பொன்ஜூர்’ சொல்லி வந்தவரைச் சிரிக்க வைத்தாள். சப்பாத்தைக் கழற்றி நிமிரும் முன்னரே அவருக்கு றோல்ஸும் தேத்தண்ணியும் வந்துவிட்டன. நடுவில் பிள்ளைக்குச் சளி கரகரத்தது. வந்த ஆளுக்கு முன்னால் அந்தச் சத்தம் எதற்கென்று அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் அப்போது என் பிரெஞ்சைக் காட்டிக்கொண்டிருந்தேன். அக்கா ‘சமாளிக்கிறம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்ததை மூன்று அழகான வசனமாக்கிக் கொடுத்தேன். அதில் ஒன்று அப்படியே கடிதத்தில் இருந்தது.

கடிதம் வந்த அன்றைக்கே மறுபரிசீலனை கேட்டு எழுதினேன். வியாழக்கிழமை அதே பெண்மணி மறுபடி வருகிறார். இந்த முறை எதையும் ஒளிக்கக்கூடாது என்று என் திட்டத்தை ஒரே மூச்சில் சொன்னேன். பிள்ளையின் குழாயைப் பிடித்திருக்கும் கழுத்துப் பட்டியை மாற்றிக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை.

“ஏலாது எண்டு சொல்ல, அப்ப பிள்ளையை எங்களிட்டைத் தாங்கோ எண்டு கேட்டா?”

எனக்கு அது தோன்றவேயில்லை. அந்த வீட்டுத் துடைப்பெல்லாம் மரியாதைக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மறுநாள் தாதியிடம் கேட்டேன். உதவி கேட்டதற்காக ஒருவரும் பிள்ளையைக் கொண்டுபோவதில்லை என்றார். அக்காவிடம் ஓடிவந்து சொன்னேன்.

“அவவின்ரை நாளையே குறைச்சுப் போட்டாங்கள். அவவின்ரை கதையை ஆர் கேக்கப் போறாங்கள்?”

அதற்குப் பிறகு எனக்கும் வகுப்பில் மனம் நிற்கவில்லை. எத்தனை முறை உறிஞ்சுகிறோம் என்று நேரம் போட்டு ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். இரண்டாம் நாள் பார்த்தால், நான் இல்லாத நேரங்களை அக்கா நிரப்பியிருந்தாள். நேற்று அவளாகவே வாய் திறந்தாள்.

“றோல்ஸ் செய்வன். அதை மட்டும் தடுக்காதை.”

ஒத்துக்கொண்டேன். வியாழக்கிழமை மெசின் துணியில்லாமல் மேசையில் இருக்கும், றோல்ஸ் தட்டு அதற்குப் பக்கத்தில். சளி கரகரத்தால் அக்கா எழும்பி உள்ளே போகாமல் இருந்த கதிரையிலேயே எடுக்கப் பார்ப்பாள். அவள் சொல்வதை மட்டும், ஒரு சொல்லும் கூட்டாமல், நான் பிரெஞ்சில் சொல்லப் பார்ப்பேன்.