புளிக்காரர் பங்களா: ஏழாம் எண் விளக்கை அணைத்த சாயங்காலம்

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அப்பாவோடு பென்னாகரம் பக்கத்துப் புளிக்காரர் பங்களாவுக்குப் போய்வந்தேன். அங்கே போக நினைப்பவர்கள் இதை முழுக்கப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். படங்களுக்காக மட்டும் வந்திருந்தால் ஏமாற்றம்தான். கடைசி ஒரு மணி நேரத்தில் நான் ஒரு படமும் எடுக்கவில்லை.

எனக்கு அருங்காட்சியகங்களில் பொறுமை கிடையாது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு இன்ஜினீயர் நான். ஓடாத பொருளின் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு ஒத்துவராத வேலை. போனது அப்பாவுக்காக. அவர் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பங்களாவுக்குக் கம்பம் நட்டு இணைப்புக் கொடுத்த ஆட்களில் அவரும் ஒருவர். மீட்டர் பெட்டியைத் தாண்டி உள்ளே விடவில்லையாம். "அப்டி உள்ள என்னதான்டா வெச்சிருந்தான் அந்தாளு? ஒருக்கா பாத்துடணும்" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவைப் பற்றி இரண்டு விஷயங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒன்று, அவருக்குக் காது கேட்காது. காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். விசில் அடிக்கிறது என்று கழற்றிக் காரில் போட்டுவிடுவார். இரண்டு, அவருடைய போன். முழுச் சத்தத்தில் கெட்டிமேளம் வைத்திருக்கிறார். அது அடித்தால் அவருக்கு லேசாகக் கேட்கும், தெருவுக்கே நன்றாகக் கேட்கும்.

மதியம் ஒன்றரைக்கு நல்லம்பள்ளியில் இருக்கும் அப்பா வீட்டிலிருந்து காரில் கிளம்பினோம். தர்மபுரி பத்து கிலோமீட்டர், அங்கிருந்து பென்னாகரம் முப்பது. பென்னாகரத்தில் டீ குடித்துவிட்டு ஒகேனக்கல் சாலையில் எட்டு கிலோமீட்டர் போனால் இடது பக்கம் ஒரு மண்சாலை பிரியும். பலகை உண்டு, ஆனால் புளியமரம் மறைக்கிறது. திரும்பி மூன்று கிலோமீட்டர். தாழ்வான கார் என்றால் அடி தட்டும். பஸ்ஸில் வருகிறவர்கள் பென்னாகரத்தில் ஆட்டோ பிடியுங்கள். போகவர, காத்திருப்போடு, அறுநூறு கேட்கிறார்கள், ஐநூறுக்கு வருவார்கள். நுழைவுச் சீட்டு அறுபது ரூபாய். காலை பத்து முதல் மாலை ஐந்தரை வரை.

புளி மொத்த வியாபாரம் செய்தவர் கட்டிய வீடு அது. சம்பாதித்ததையெல்லாம் பழைய பொருள்களில் போட்டிருக்கிறார். பிள்ளைகளுக்கு அதில் ஆசை இல்லாததால், அவர் இறந்த பிறகு ஓர் அறக்கட்டளை வீட்டை அப்படியே அருங்காட்சியகமாக நடத்துகிறது. கீழே கண்ணாடி ஓவியங்கள், மரக்கதவுகள், நூற்றுக்கு மேல் விளக்குகள். மாடியில் அவர் படுத்த கட்டில், படித்த மேசை, சவரக்கத்திகூட இருக்கிறது. கட்டிலைச் சுற்றி நான்கு சுவர்களிலும் முகமூடிகள். அதற்கு நடுவில் ஒரு மனுஷன் எப்படித் தூங்கினார் என்று எனக்குப் புரியவில்லை. அந்த அறையில் நான் இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை.

உண்மையில் பார்க்க வேண்டியது பின்னால் இருக்கும் தோட்டம்தான். இரண்டு ஏக்கர். பலா, மா, சப்போட்டா. அவற்றின் நடுவே வளைந்து போகும் பாதையின் ஓரமாகப் பதினொரு நடுகற்கள். சண்டையிலும், மாடு மீட்கப் போயும், புலியிடமும் செத்தவர்களுக்காக நட்ட கற்கள். சுற்றுவட்ட நிலங்களில் கிடந்தவற்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். விலைக்கு வாங்கினாரா, சும்மா எடுத்தாரா என்று எந்தப் பலகையிலும் இல்லை. ஒவ்வொரு கல்லின் காலடியிலும் ஒரு சின்ன விளக்கு. எல்லாவற்றுக்கும் ஸ்விட்ச் டிக்கெட் அறையில், எண் போட்டு வரிசையாக இருக்கிறது. ஒழுங்கான வேலை. அங்கே எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

டிக்கெட் அறையில் இருந்தவர் சிவம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். நாங்கள் போனபோது நான்காம் கல்லின் முன்னால் ஒரு குடும்பம் படையல் போட்டுக்கொண்டிருந்தது. பொரி, வெல்லம், இரண்டு சீப்பு வாழைப்பழம். 'படையல் போடக்கூடாது' என்ற பலகைக்குக் கீழேதான் தேங்காய் உடைத்தார்கள். கேட்டேன்.

"கல்லு அவுங்களுதுங்க. எடந்தான் நம்முளுது. எப்டிங்க வேணாங்கறது?" என்றார் சிவம்மா. "ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிருக்கோம். போறப்போ பழத்தெல்லாம் எடுத்துட்டுப் போயிருங்க, இங்க வெக்காதீங்கன்னு."

"ஏன்?"

"குரங்குங்க" என்றார். பிறகு வெளியே ஒருமுறை பார்த்துவிட்டு, "மத்ததும் வரும்" என்றார். மற்றது எது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அப்பா ஒவ்வொரு பலகையையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்கிற ஆள். நாலே முக்காலுக்கு இன்னும் கீழ்த்தளத்தையே முடித்திருக்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நீங்க தோட்டத்தப் பாருங்க, நான் மேல ரெண்டு போட்டோ எடுத்துட்டு வரேன்" என்று காதருகில் கத்திச் சொல்லி அனுப்பிவிட்டு மாடிக்குப் போனேன்.

மாடி வராந்தாவிலிருந்து தோட்டம் முழுக்கத் தெரியும். படையல் போட்ட குடும்பம் போய்விட்டிருந்தது. நான்காம் கல்லின் முன்னால் ஒரு வாழையிலை கவிழ்த்து மூடியிருந்தது. அந்தக் கல்லுக்குப் படைத்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதாம், அவர்கள் வழக்கம் அப்படியாம். சிவம்மாவின் பேச்சை மீறியதும் தெரியாமல், வழக்கத்தையும் விடாமல், பழத்தை இலையால் மூடி மறைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது நான் பார்த்தது, பலாமரத்துக்குப் பின்னாலிருந்த இருட்டு நகர்ந்ததைத்தான்.

ஒற்றை யானை. கொம்பன். வேலி எப்போது சாய்ந்தது என்றே தெரியவில்லை. அவ்வளவு எடை நகர்ந்தால் சத்தம் வந்தே தீர வேண்டும் என்பதுதான் நான் படித்த படிப்பு. ஒரு சத்தமும் இல்லை. நேராக வந்து இலையைத் தும்பிக்கையால் ஒதுக்கிவிட்டுப் பழத்தை எடுத்தது.

அதற்கு அந்தப் பக்கம், முப்பது மீட்டர் தள்ளி, ஏழாம் கல்லின் முன்னால், இரண்டு கையையும் முதுகில் கட்டிக்கொண்டு அப்பா. பலகை படித்துக்கொண்டிருந்தார். யானைக்கு முதுகு காட்டி.

படியில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. பின்கதவைத் திறக்கப் போன என் சட்டையைப் பிடித்து இழுத்தார் தோட்டக்காரர் மாது.

"எங்க போறீங்க? நடுவுல அது நிக்குதுங்க!"

"அப்பா... எங்கப்பா அங்க இருக்காரு."

"கத்தாதீங்க சார். கத்துனா திரும்பிடும். அது பாட்டுக்குத் தின்னுட்டுப் போயிரும். அவர மட்டும் அசையாம இருக்கச் சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது? காது கேக்காது!"

மாது என்னைப் பார்த்தார். சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பின்கதவை ஒட்டிய டிக்கெட் அறையில் சிவம்மா வனத்துறைக்குப் போனில் கன்னடமும் தமிழும் கலந்து பேசிக்கொண்டிருந்தார். "ஆனெ பந்திதெ... ஆமாங்க, தோட்டத்துக்குள்ளயே... ஆளு ஒருத்தரு மாட்டிக்கிட்டாருங்க." அந்த 'ஆள்' என் அப்பா என்பது காதில் விழுந்து, உள்ளே போய்ச் சேர ஒரு நொடி ஆனது.

அப்போதுதான் போன் நினைவு வந்தது. சேலத்தில் டீச்சராக இருக்கும் அக்கா ஸ்கூல் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பாவைக் கூப்பிடுவாள், அவளுக்குச் சனிக்கிழமையும் ஸ்கூல் உண்டு. தினமும், ஏறக்குறைய இதே நேரத்துக்கு. அப்பாவின் சட்டைப் பையில் கெட்டிமேளம்.

என் போனில் சிக்னல் இல்லை. அப்பாவின் சிம்முக்கு அந்தப் பக்கம் நன்றாக எடுக்கும் என்று வரும் வழியெல்லாம் பெருமையடித்துக்கொண்டே வந்திருந்தார். டிக்கெட் அறைக்குள் ஓடி, சிவம்மாவின் போனைப் பிடுங்கி அக்கா நம்பரைப் போட்டேன். வேறு ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றது. அந்த வேறு ஒருவர் யார்? ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்தேன். கெட்டிமேளம் கேட்கவில்லை. மறுபடி போட்டேன். அதே பதில். எந்த நொடியும் அந்த அழைப்பை முடித்துவிட்டு அடுத்ததாக அப்பாவை அழுத்துவாள்.

கண்ணுக்கு நேராக ஸ்விட்ச் பலகை. ஐந்து மணிக்கே விளக்குகளைப் போட்டிருந்தார்கள். ஏழு.

"வேணாங்க, அதுவும் பாக்கும்" என்று சிவம்மா சொல்வதற்குள் ஏழாம் ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்தேன். விளக்கு மினுக்கினால் அப்பா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பார், கை காட்டலாம் என்பது என் கணக்கு.

அப்பா திரும்பவில்லை. விளக்கைப் பார்த்தார். தலையை ஆட்டினார். முப்பது வருஷம் லைன் பார்த்த மனுஷன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்லைச் சுற்றிப் போய், விளக்கின் மூடி இருக்கும் அந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ரிப்பேர் பார்க்க!

பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது எனக்கு. அப்போதுதான் மாது மெதுவாகச் சொன்னார், "நல்லதாப் போச்சுங்க. கல்லு மறைக்குது."

உண்மைதான். புலியைக் குத்துகிற வீரனைச் செதுக்கிய கல் அது, மூன்றடி அகலம். உட்கார்ந்தவரின் முழங்கை மட்டும்தான் வெளியே தெரிந்தது. அந்த முழங்கை ஆடிக்கொண்டிருந்தது. எதையோ திருகுகிறார். விளக்கின் மூடியைக் கழற்றுகிறார் என்று புரிந்ததும் இரண்டாவது பயம் பிடித்தது. இப்போது நான் ஸ்விட்சைப் போட்டால் அவர் கையில் கரண்ட் ஏறும். இனி அதைத் தொடவே கூடாது. வேறு யாரும் தொடாமல் இருக்க உள்ளங்கையை ஏழாம் ஸ்விட்சின் மேல் குவித்து மூடிக்கொண்டு நின்றேன்.

யானை பழத்தை முடித்தது. பொரியை ஊதிவிட்டது. பலாமரத்தில் ஒரு கிளையை ஒடித்தது. அந்தச் சத்தம் எனக்கு முதுகில் விழுந்தது. அப்பா நிமிரவில்லை. அவருக்குத்தான் கேட்காதே. பிறகு பாதையோடு நடக்க ஆரம்பித்தது. ஐந்தாம் கல். ஆறாம் கல். சிவம்மா என் தோளைப் பிடித்திருந்தார், நகம் பதிந்தது. ஏழாம் கல்லுக்கு நேராக நின்றது. தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. அதற்கும் அப்பாவுக்கும் நடுவில் கல்லும் எட்டடி மண்ணும். முழங்கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

நின்றது எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிறகு யானை திரும்பி, சாய்த்த வேலியின் மேலேயே மிதித்து, கீழ்ப்பக்கப் புதருக்குள் போய்விட்டது. வந்ததுபோலவே, சத்தமில்லாமல்.

மாது கைகாட்டும்வரை நாங்கள் அசையவில்லை. அதற்குள் அப்பாவே எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, முறைத்துக்கொண்டே வந்தார்.

"எவன்டா வேல செஞ்சான் இங்க? பல்பு ஓல்டருல புடிப்பே இல்ல. இந்தம்மாகிட்ட சொல்லு, மாத்தச் சொல்லு."

சிவம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாது அப்பாவின் காதருகில் போய், "ஐயா, ஆனெங்க! உங்க பின்னாலயே நின்னுச்சுங்க!" என்றார்.

"எங்க?"

மாது அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போய்த் தடத்தைக் காட்டினார். பெரிய சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. அப்பா ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். "அதான் ஒரு மாதிரி நாத்தம் அடிச்சுது. எருவு கொட்டிருக்கானுங்கன்னு நெனச்சேன்" என்றார். திரும்ப வரும்போது என் பக்கத்தில் நின்று, சத்தம் குறைத்துக் கேட்டார், வழக்கமாக அவருக்குச் சத்தம் குறைக்கவே வராது.

"லைட்ட அணைச்சது நீயா?"

தலையாட்டினேன்.

"திரும்பப் போட்டிருந்தீனா?" வலது கையின் இரண்டு விரல்களைக் காட்டினார். "ரெண்டும் ஓல்டருக்குள்ளதான்டா இருந்துச்சு."

நான் பதில் சொல்வதற்குள் அவர் பையில் கெட்டிமேளம் அடித்தது. நாங்கள் மூன்று பேரும் துள்ளிவிட்டோம். அப்பா நிதானமாக எடுத்து, "ஆமாம்மா, நல்லா இருந்துச்சு, தோட்டம் பிரமாதம்" என்றார்.

போகிறவர்களுக்கு: மதியத்துக்கு முன்னால் போங்கள், நான்கு மணிக்குத் தோட்டத்தைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மூடும் நேரம் ஐந்தரை என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பழம், கரும்பு, சோளம் எதுவும் கையில் வேண்டாம். படையல் ஏதாவது கிடந்தால் மூடியிருந்தாலும் சிவம்மாவிடம் சொல்லுங்கள். அவர் யாரையும் திட்டமாட்டார், பழத்தை மட்டும் உள்ளே எடுத்து வைப்பார். காது கேட்காதவரைத் தனியாக விடாதீர்கள். கண்ணாடி ஓவியங்கள் எப்படி என்று கேட்காதீர்கள், ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. அந்த முழங்கையை மட்டும் இப்போதும் அளவு சொல்லி வரைந்து காட்டுவேன்.

அன்று இரவே அப்பாவின் போனில் கெட்டிமேளத்தை எடுத்துவிட்டு அதிர்வில் போட்டேன். பையில் இருந்தால் தெரியும் என்று கணக்கு. அவர் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிப் போனோடு ஆணியில் மாட்டிவிடுகிறார். நேற்று சாயங்காலம் ஓசூரிலிருந்து கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனைப் போய்ப் பார்க்கச் சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்காரு தம்பி. மோட்டார் ரூம்ல ஏதோ லைட்டுக்கு ஓல்டரு மாத்திட்டிருக்காரு."

மெயின் அணைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அவர் போய்த் திரும்பி வரும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.