உறைக்குள் இருந்த கூர்

பழைய பிரிட்டிஷ் ராணுவக் கத்திகளைச் சேகரிப்பது என் பொழுதுபோக்கு. தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கத்தி ஒன்றைக் காட்டி, "இதால யாரையாச்சும் வெட்டியிருப்பாங்களா சார்?" என்று கேட்பார்கள். "யாருக்குத் தெரியும்!" என்று பெருமையாகச் சிரிப்பேன்.

அதன் தோலுறையில் தையல் இற்றுப்போயிருந்தது. பம்மலில் தோல் பை தைக்கும் சேகரிடம் கத்தியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் உறையை இறுகப் பிடித்துக்கொண்டு கத்தியை உருவினார். கத்தியின் கூர் இற்ற தையலைப் பிளந்துகொண்டு வந்து அவர் விரல்களில் ஆழமாக இறங்கிவிட்டது.

"பழைய கத்தி, மொக்கையா கீதுன்னு நெனச்சிக்கினேன் சார்" என்றார், ரத்தம் சொட்டச் சொட்ட.

பழைய உறையின் ஓரத்தில் கை வைத்து உருவக் கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவரிடம் சொல்லத்தான் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் ஆறு தையல் போட்டார்கள். ஒரு மாதம் அவரால் ஊசியைப் பிடிக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் கத்தியை வீட்டில் வைத்துவிட்டு, வெறும் உறையை மட்டுமே தைக்கக் கொடுக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அதே கேள்வியைக் கேட்டால் சிரிப்பதில்லை.

"வெட்டியிருக்கு. போன வருஷம், பம்மல்ல. கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்" என்கிறேன்.