புனிதம் அக்கா கண்ணாடியில் வைத்த புள்ளிகள்

செய்தி வந்தபோது நான் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். விடியற்காலை வேலை. தொலைபேசி எடுத்தது புனிதம் அக்காவின் மகள். "அன்ரி, அம்மா எங்களை விட்டுப் போட்டா" என்றாள். தொலைபேசியை வைத்துவிட்டுப் பார்த்தால் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூடினேன். வழிந்ததைத் துடைத்தேன், பிறகு மாடிகளையும் துடைத்து முடித்தேன். வேறென்ன செய்ய? அழுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

பாடன் நகரில் அக்காவை அறியாத தமிழர் குறைவு. கோயில் சமையலறையில் அவரிடம் ஏச்சு வாங்காதவர்கள் அதைவிடக் குறைவு. ஆனால் நானும் அவரும் துப்புரவு வேலை செய்த அலுவலகக் கட்டடத்தில் அவர் செய்த காரியம் உங்களுக்குத் தெரியாது. வேலை போய்விடும் என்று நாங்கள் வெளியில் கதைப்பதில்லை. இனி அக்காவுக்குப் போக வேலை இல்லை. ஷெஃப் என்று நாங்கள் கூப்பிடும் மேலாளருக்கோ தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் சொல்கிறேன்.

அந்தக் கட்டடம் இரண்டு பகுதி. இரண்டையும் நிலமட்டத்தில் ஒரு கண்ணாடி நடைபாதை சேர்க்கிறது. இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்து மரங்களும் ஆற்றங்கரையும் அப்படியே தெரியும். குருவிகளுக்கும் அப்படித்தான் தெரியும் போல. நேரே வந்து மோதும். அலுவலகக்காரர் வருமுன் செத்ததுகளைப் பொறுக்குவதுதான் எங்கள் முதல் வேலை.

ஊரெல்லாம் பூவைப் பார்த்து வசந்தம் என்னும்; நாங்கள் கீழே கிடப்பதைப் பார்த்துச் சொல்வோம். தெற்கிலிருந்து திரும்பி வரும் கறுப்புத் தொப்பிக் குருவி கிடந்தால் சித்திரை. வேலியில் பொரித்து, பறக்கப் பழகும் குஞ்சுகள் கிடந்தால் கோடை. செந்நெஞ்சுக் குருவியும், கட்டைவிரல் அளவேயான மஞ்சள் உச்சிக் குருவியும் கிடந்தால் இலையுதிர்காலம். குளிரில் வடக்கிலிருந்து கூட்டமாக வருபவை வல்லூறுக்குப் பயந்து பறந்து வந்து அடிபடும். எங்களைப் போல இங்கேயே தங்கிவிட்ட கரிய அம்சல் குருவி எல்லா மாதத்திலும் விழும். அக்கா ஒவ்வொன்றையும் சமையலறைத் தாளில் சுற்றி வேலிக்கடியில் வைப்பார். பறவைப் பிரியை என்று நினைத்துவிடாதீர்கள். தன் வீட்டு பல்கனிக்கு வரும் புறாவைத் தும்புத்தடியால் துரத்துகிற ஆள் அவர்.

ஒருமுறை நிர்வாகம் கண்ணாடியில் கறுப்புப் பருந்துப் படம் ஒன்று ஒட்டியது. மறுநாள் காலை அந்தப் படத்துக்கு நேர் கீழே ஒரு செந்நெஞ்சுக் குருவி கிடந்தது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பருந்தை முறைத்தார். "இந்தாளை ஒருத்தரும் மதிக்கினமில்லை" என்றார். இன்னும் ஏதாவது ஒட்டலாமா என்று ஷெஃப்பிடம் கேட்டோம். நல்ல மனிதர்தான். ஆனால் கண்ணாடி பளிச்சென்று இருக்க வேண்டும், அதற்குத்தானே உங்களை வைத்திருக்கிறோம் என்றார்.

அன்றைக்கு அக்கா வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் வேலைநேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "நாங்கள் மினுக்க மினுக்க அதுகள் சாகுதுகள். என்ன வேலை பிள்ளை இது?" என்றார்.

அடுத்த கிழமை அக்கா, தமிழ்க்கடைக்காரர் கண்ணாடியில் மீன் விலை எழுதுகிற வெள்ளைப் பேனா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல, நடைபாதைக் கண்ணாடி முழுக்க வெளிப்பக்கத்தில் புள்ளி வைத்தார். "புள்ளி கிடந்தால் அங்கை என்னவோ இருக்கெண்டு தெரியும்தானே" என்றார். ஷெஃப் வந்து பார்த்துவிட்டு முகம் சிவந்து, என்ன இது என்று கேட்டார். அக்காவுக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. அந்த வயதில் யார் புதிதாக வேலை கொடுப்பார்கள்?

அக்கா அசையவில்லை. தனக்குத் தெரிந்த ஜெர்மனில், "நவராத்திரி. எங்கள் சமயம். முடியும்வரை அழிக்கக் கூடாது" என்றார்.

ஷெஃப் இரண்டு அடி பின்னால் போய், மன்னிப்பும் கேட்டார். அவர் போனதும் அக்கா என்னிடம் சொன்னார்: "குருவிக்கெண்டு சொன்னால் அழியுங்கோ எண்டுவார். சாமிக்கெண்டு சொன்னால் வாயே திறக்கமாட்டார்."

நவராத்திரி நேரம்தான் குருவிகள் தெற்கே போகிற நேரம். அது முடிந்ததும் கார்த்திகை விளக்கீடு வந்தது. பிறகு திருவெம்பாவை, தைப்பொங்கல், வருசப்பிறப்பு, ஆடிப்பிறப்பு. உங்களுக்குத் திருவிழா இல்லாத மாதம் ஏதாவது இருக்கிறதா என்று ஷெஃப் ஒருநாள் களைத்துப்போய்க் கேட்டார். இல்லை என்றார் அக்கா. அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

குருவிகள் விழுவது நிற்கவில்லை. குறைந்தது. சில கிழமைகளில் பொறுக்க ஒன்றும் இருக்காது. அப்படியான காலைகளில் அக்கா தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி சீனி கூடப் போட்டுக் குடிப்பார்.

வருத்தம் பிடித்து அவர் படுத்த பிறகு புள்ளி வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு முழங்கால் சரியில்லை, குனிந்து நிமிர உயிர் போகும். ஆஸ்பத்திரிக்குப் போனால், எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்க முன்னமே அவர் கேட்பார்.

"கண்ணாடி என்ன மாதிரி?"

"ஒண்டு அடிபட்டது அக்கா. கொஞ்ச நேரம் இருந்திட்டு எழும்பிப் பறந்திட்டுது."

"ஓம், அப்பிடித்தான். எழும்பினால் அதுவே காணும்" என்று கண்ணை மூடுவார். அவரும் எழும்பிவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன்.

தகனம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, ஷெஃப் நடைபாதையில் எனக்காகக் காத்து நின்றார். கை கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார். எங்கள் முறையை இணையத்தில் வாசித்தாராம். சாவு நடந்தால் ஒரு வருடத்துக்குத் திருவிழா கொண்டாடுவதில்லை என்று இருந்ததாம். "அப்படியானால் இந்தப் புள்ளிகள் இருப்பது உங்கள் மனதைப் புண்படுத்தும் அல்லவா? நானே ஆள் விட்டு அழிக்கச் சொல்லட்டுமா?"

மரியாதையாகத்தான் கேட்டார். வெளியே வேலிக்குள் ஒரு மஞ்சள் உச்சிக் குருவி கத்திக்கொண்டிருந்தது. குருவிகள் வரத் தொடங்கிவிட்டன. எனக்கு அலுப்பென்றால் சொல்ல முடியாத அலுப்பு. ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போயிருந்தால் என் முழங்கால் பிழைத்திருக்கும்.

"இல்லை" என்றேன். "இறந்தவர் கையால் தொடங்கிய புள்ளியை ஒரு வருடத்துக்கு அழிக்கக் கூடாது. அது எங்கள் முறை."

அப்படி ஒரு முறை எங்கும் கிடையாது. சாவீட்டில் கோலமே போடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஷெஃப் தலையைக் குனிந்து, சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவின் சேலைகள் மகளிடம். படம் கோயில் மண்டபத்தில். என்னிடம் இருப்பது பாதி மை தீர்ந்த அந்த வெள்ளைப் பேனாவும், அவர் தொடங்கிவைத்த பொய்யும்தான். இரண்டையும் மேற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாளைக்கும் வேலைக்குப் போவேன். ஒரு வருடம் முடிந்தால் என்ன சொல்வதென்று தெரியவில்லை, அக்கா. நீங்கள் இருந்திருந்தால் இதற்குள் ஒரு திருவிழா கண்டுபிடித்திருப்பீர்கள்.