சுரண்டினால் சிவப்பு

வீராசாமியின் வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஷாக் அப்சர்பருக்கு பெயிண்ட் அடித்து, புதுசு என்று வேறு யாருக்கோ மாட்டிவிட்டானாம் மெக்கானிக் குரு. வீராசாமி இதைச் சாமுவேலிடம் சொல்லவில்லை. வீராசாமி சொன்னதாக இன்னொரு டிரைவர் ஜோசுவா சொன்னான், டீக்கடையில், வாய் நிறைய வடையோடு. வடையோடு சேர்த்து எந்த வார்த்தையை விழுங்கினானோ என்று சாமுவேலுக்கு அதிலும் ஒரு சந்தேகம்.

அவர் அப்படித்தான். பதினாறு வருஷம் அடுத்தவர் வண்டி ஓட்டிவிட்டுச் சொந்தமாகப் பழைய பிக்கப் ஒன்று வாங்கினார். ஒரே ஆள் கையில் இருந்த வண்டி என்றுதான் விற்றார்கள். துடைத்துப் பார்த்தால் டேஷ்போர்டில் மூன்று மதத்துச் சாமி ஸ்டிக்கரும் உரித்த தடம். அன்றிலிருந்து டீசல் போடும்போது இறங்கி நின்று பம்ப் மீட்டரில் பூஜ்யம் பார்ப்பார். கழற்றிய பாகம் எதையும் பட்டறையில் விடமாட்டார். சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். “வூடா இது, காயலாங்கடையா?” என்பாள் மனைவி மேரி.

ஆனால் இப்போது வேறு வழியில்லை. பின்பக்க ஷாக் இரண்டும் எண்ணெய் கக்கிவிட்டன. போன வாரம் முசரவாக்கத்துப் பள்ளத்தில் வண்டி குதித்த குதியில், இளவரசி அனுப்பிய ஜக்கார்டு பெட்டிக்குள் நாற்பது கொக்கி வளைந்துபோனது. தறிக்கு மேலே உட்கார்ந்து புடவைக்கு டிசைன் போடுகிற பெட்டி அது. பிள்ளையார்பாளையத்தில் அந்தப் பெட்டிகளைப் பழுது பார்த்து அனுப்புகிற இளவரசியை நம்பித்தான் சாமுவேலின் வண்டி ஓடுகிறது.

“இன்னொரு வாட்டி வளைஞ்சுதுன்னா நான் வேற வண்டி பாத்துக்கறேண்ணா” என்றிருந்தாள். இன்று ஆரணிக்குப் போகும் பெட்டியோடு அவளும் பட்டறைக்கு வந்துவிட்டாள்.

குரு இரண்டு ஷாக்கை முன்னால் வைத்தான். “கேஸ் ஷாக்குணா. அமுக்கிவுட்டா தானா எழுந்துக்கும்.”

சாமுவேல் அமுக்கினார். எழுந்தது. “இன்னாபா, இவ்ளோ மெதுவா வருது?”

“வேகமா வந்தா அதுக்கும் ஏன்னு கேப்பீங்க.”

இளவரசி தாலிக்கயிற்றிலிருந்து ஊக்கை எடுத்து, ஒன்றின் கறுப்பு பெயிண்ட்டைச் சுரண்டினாள். உள்ளே சிவப்பு. அவள் முகம் மலர்ந்துவிட்டது. “செவப்பு வருதுணா! அசல்தான்.”

ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரிய வேண்டும், தெரிந்தால் அசல். பட்டு நெய்கிற அந்த ஊரில் பிறந்த கைக்கு அதுதான் கணக்கு. சாமுவேலோ அந்த ஷாக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்புக்கு அடியில் சிவப்பு என்றால், முன்பு அது சிவப்பு ஷாக்காக எதன் கீழே ஓடிக்கொண்டிருந்தது?

குரு சிரித்தான். “யக்கா, பொடவையா இது? துரு புடிக்காம இருக்க அடிக்கிற ப்ரைமர். எல்லாத்துலயும் இருக்கும்.”

“அப்போ இன்னொண்ணையும் சொரண்டும்மா” என்றார் சாமுவேல்.

இரண்டாவதைச் சுரண்டினாள். கறுப்புக்கு அடியில் நேரே வெறும் இரும்பு.

“அது வேற லாட்டுல வந்துதுணா” என்றான் குரு. இம்முறை சிரிக்கவில்லை.

“வீராசாமிக்குக் கழட்டினியே, அது இன்னா கலரு?”

“எனுக்கு இன்னா ஞாபகம்? அவரையே கேளுங்க.” குனிந்து போல்ட்டைத் தேட ஆரம்பித்தான். தேடிய போல்ட் அவன் காலடியிலேயே கிடந்தது.

சாமுவேல் ஓரமாகப் போய் வீராசாமிக்குப் போன் போட்டார். ஒரே ஒரு வார்த்தை போதும்: சிவப்பா, இல்லையா? மணி அடித்து நின்றது. மறுபடி போட்டார்.

“மாட்டட்டுமா, வேணாமா?” குருவின் குரல்.

இளவரசி வண்டியில் கட்டியிருந்த பெட்டியைப் பார்த்தாள், அப்புறம் சாமுவேலை. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். காதுக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.