என் காருக்குள் சகலனின் எஞ்சின்

போன செவ்வாய்க்கிழமை, வாகனப் பதிவு அலுவலகத்தின் நாலாம் கவுண்டரில், பத்தே நிமிடத்தில் என் கார் என்னுடையதல்லாமல் போனது.

விற்றேனா? இல்லை. களவு போனதா? அதுவும் இல்லை. நானே மனம் விரும்பி — சரி, 'மனம் விரும்பி' என்பதை அடித்துவிடுங்கள் — என் சகலனுக்குக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அந்தக் கையெழுத்தை வைக்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. நோய் நொடி ஒன்றுமில்லை. பேனை இல்லாமலும் இல்லை. பொறாமை... அவ்வளவுதான்.

சகலன் பெயர் ரஞ்சன். என் மனைவி வசந்தியின் தங்கை சுமதியைக் கட்டியவர். ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் மெஷின் பழுதானால் திருத்துவது அவர் வேலை. இங்கே கனடாவில், விட்பி என்ற ஊரில் புது வீடு, இரண்டு கார் விடக்கூடிய கராஜ். மில்லிக்கனில் எங்கள் வீட்டுக்கும் ஒரு கராஜ் இருக்கிறது. அதற்குள் கார் போய்ப் பத்து வருடம். ஃப்ரீசர், பழைய டயர்கள், யாருக்கோ கொடுப்பதற்கென்று வசந்தி வைத்திருக்கும் ஒரு சோபா — இவற்றுக்குப் பிறகு மிச்சமுள்ள இடத்தில் நான் குனிந்துகொண்டு போய் வரலாம்.

கார் என்று சொன்னேனே... கடும் நீலம், இரண்டு கதவு, ஜப்பான்காரன் செய்தது. இருபது வயதைத் தாண்டியது. வசந்தி கார் ஓடப் பழகியது அதில்தான். ஒருநாள் கென்னடி வீதியில் வரும்போது எஞ்சின் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. நின்றேனா? வீடு கிட்டத்தானே என்று ஓட்டினேன். வீடு வந்தது. எஞ்சின் போனது. அதற்குப் பிறகு இரண்டு விண்டர் அது டிரைவ்வேயில் பனி மூடிக் கிடந்தது.

போன ஓகஸ்டில் ரஞ்சன் வந்தவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கீழே குனிந்து பார்த்தார். "அண்ணை, உந்தக் காரை நான் கொண்டுபோகட்டே?" என்று கேட்டார். தாராளமாகக் கொண்டுபோம் என்றேன். பழைய இரும்பை இழுத்துப்போக ஒரு ஆள் கிடைத்ததே என்று உள்ளூரச் சந்தோஷம். ஓனர்ஷிப் பத்திரம் அன்றைக்குத் தேடக் கிடைக்கவில்லை. பிறகு கையெழுத்து வைத்துத் தருகிறேன் என்றேன். என் வாழ்க்கையில் நான் பிறகு என்று சொன்ன விஷயங்கள் எல்லாம் இப்படித்தான் முடிந்திருக்கின்றன.

ஒக்ரோபரில் தாங்ஸ்கிவிங் சாப்பாட்டுக்கு விட்பிக்குப் போனோம். வான்கோழியும் இடியப்பமும். சாப்பிட்டு முடிய ரஞ்சன் கராஜ் கதவைத் தூக்கினார்.

கார் மினுங்கியது. உடைந்த கார் விற்கும் யாட்டில் அதே கொம்பனியின் பிந்திய மொடல் ஒன்றிலிருந்து எஞ்சினைக் கழற்றி வந்து பூட்டியிருக்கிறார். திறப்பைப் போட்டுத் திருப்பி எஞ்சினை எழுப்பினார். சத்தமே இல்லை. என்னிடம் இருந்தபோது அந்தக் கார் இருமிக்கொண்டல்லவா எழும்பும்?

வசந்தி ஓடிப்போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறி இருந்தாள். டாஷ்போர்டைத் தடவினாள். "ரஞ்சன், நீர் சரியான கெட்டிக்காரன்" என்றாள். இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்தச் சொல்லை என்னைப் பார்த்து அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை, அது வேறு. ஆனால் அப்போது எனக்கு வயிறு எரிந்தது பாருங்கள்... வான்கோழி அல்ல காரணம்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரஞ்சன் ஓனர்ஷிப் கதையை எடுத்தார். படிப்பு முடிந்து, மே மாதம் சுமதிக்கு ஒஷாவாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை தொடங்குகிறது. விடியற்காலை ஷிஃப்ட். அந்த நேரத்தில் அங்கே பஸ் இல்லை. வீட்டிலிருக்கும் மற்றக் காரில் ரஞ்சன் வேலைக்குப் போக வேண்டும். ஆகவே இந்தக் காரை அதற்குமுன் தன் பெயரில் பதிய வேண்டும்.

பார்ப்பம் என்றேன்.

'பார்ப்பம்' என்பது எங்கள் ஆட்களின் மிக மரியாதையான 'இல்லை' என்பது உங்களுக்குத் தெரியும்தானே?

வீட்டுக்கு வந்து இன்டர்நெட்டில் இறங்கினேன். எஞ்சின் மாற்றிய காரைப் பதிவது எப்படி? அப்பப்பா, அது ஒரு தனி உலகம். அமெரிக்காவில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார், தன் மாநிலத்தில் புகைச் சோதனை என்ற பேச்சே இல்லை, எந்த எஞ்சினைத் தூக்கி வைத்தாலும் நம்பர் பிளேட் தருவார்கள் என்று. பக்கத்து மாநிலத்துக்காரருக்கு, நகரத்துக்குள் இருந்தால் சோதனை, வெளியே இருந்தால் இல்லை. கலிபோர்னியாக்காரர் மட்டும் அழாக்குறை. மாற்றும் எஞ்சின் காரின் வயதாகவோ அதைவிடப் புதியதாகவோ இருக்க வேண்டுமாம். அந்த எஞ்சின் முதலில் இருந்த காரின் புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் ஒன்று விடாமல் கூடவே வர வேண்டுமாம். அதையெல்லாம் 'ரெஃபரி' என்ற பரிசோதகர் பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டுமாம். ஒரே நாடு, ஒரே எஞ்சின், மாநில எல்லையைத் தாண்டினால் வேறு நியாயம்.

சரி, எங்கள் ஒன்ராறியோவில்? சட்டம் இருக்கிறது. புகைச் சாமான்களைக் கழற்றி எறிய முடியாது. ஆனால் சாதாரணக் கார்களுக்கு இருந்த புகைச் சோதனையை நிறுத்திச் சில வருடங்களாகிவிட்டன. பெயர் மாற்ற, மெக்கானிக் கொடுக்கும் சேஃப்டி சான்றிதழும் பழைய சொந்தக்காரரின் கையெழுத்தும்தான் முக்கியம். இதையும் வாசித்தேன். ஒழுங்காக வாசித்தேன். வாசித்துவிட்டு லாப்டொப்பை மூடினேன்.

பிறகு ரஞ்சனுக்குப் போன் எடுத்துக் கலிபோர்னியாவை ஒப்புவித்தேன்.

பொய் சொன்னேன் என்று சொல்லமாட்டேன். இது எந்த ஊர்ச் சட்டம் என்று நான் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. இப்பவெல்லாம் சரியான இறுக்கம் ரஞ்சன், அவசரப்படாமல் எல்லாத்தையும் பூட்டும், பிறகு பதிவம் என்றேன். என்னைப் போலப் பத்திரிகையில் எழுதுகிற ஆள் சொன்னால் மறுக்கவா போகிறார்? "ஓம் அண்ணை, நீங்கள் வாசிச்சுச் சொன்னாச் சரி" என்றார்.

அந்த விண்டர் முழுக்க மனுசன் யாட் யாட்டாக அலைந்தார். புகையைச் சுத்தமாக்கும் பெட்டி ஒன்று பிக்கரிங்கில் கிடைத்தது. பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் குடுவை ஒன்று ஏஜாக்ஸில். சென்சர்கள், வயர்கள், எஞ்சினின் கொம்பியூட்டர்... ஒவ்வொன்றும் பூட்டி முடிய குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் வரும். சுமதியின் ஆட்கள் எல்லோரும் கைதட்டுவார்கள். வசந்தி இரண்டு இதயம் போடுவாள். நான் ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டு, அடுத்து என்ன சாமான் கேட்கலாம் என்று தேடத் தொடங்குவேன்.

இதற்குள் ஒன்று மட்டும் நான் உண்மையாக நம்பிச் சொன்னது. எஞ்சின் நம்பர். இலங்கையில் வாகனப் புத்தகத்தில் சேஸி நம்பரோடு எஞ்சின் நம்பரும் எழுதியிருக்கும். எஞ்சினை மாற்றினால் புத்தகத்திலும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வீதிச் சோதனையில் நிற்கும் சென்ரிக்காரன் முதற்கொண்டு எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும். கனடாவுக்கு வந்து முப்பது வருடம். என் மண்டைக்குள் இன்னும் அந்தப் புத்தகம்தான். எஞ்சின் வாங்கிய ரசீது, நம்பரின் படம், யாட்காரரின் கடிதம் எல்லாம் எடுத்து வைக்கச் சொன்னேன். மூன்று தரம் போய்த்தான் ரஞ்சன் அந்தக் கடிதத்தை வாங்கினார். உள்ளுக்குள் எனக்கு நிச்சயம் — இந்த நம்பர் விஷயத்தில் கவுண்டரில் கட்டாயம் தடக்குவார்.

மாசி மாதத்தில் ஒருநாள் வசந்தி நேராகவே கேட்டாள்.

"அந்தக் கார் உங்களுக்கு வேணுமோ?"

வேண்டாம் என்றேன்.

"அப்ப ஏன் வைக்கல் போரில படுத்த நாய் மாதிரி நிக்கிறியள்? தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது."

சட்டம் அப்படி, நான் என்ன செய்ய என்றேன். அவள் பருப்புச் சட்டியைக் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

பிறகு சித்திரையில் சுமதி போன் எடுத்தாள். வழமையாக அக்காவோடு கதைத்துவிட்டு வைத்துவிடுகிறவள், அன்றைக்கு என்னைக் கேட்டாள். "அத்தான், கார் மேக்குள்ள சரிவருமோ? சரிவராட்டி நான் வேலைக்கு மாட்டன் எண்டு சொல்லவேணும். ரெண்டு வருசம் படிச்சுக் கிடைச்ச வேலை..." குரலில் குற்றம் சொல்லும் தொனி ஏதுமில்லை. அதுதான் வினை. திட்டியிருந்தால் இன்னும் இரண்டு சாமான் கேட்டிருப்பேன்.

அன்றிரவே ஓனர்ஷிப்பை எடுத்தேன். தேடவில்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரியும்.

சேஃப்டிக்குக் காரைப் பார்த்த மெக்கானிக், எஞ்சின் மாற்றிய கார் எத்தனையோ வந்திருக்கிறது, இவ்வளவு ஒழுங்காக, ஒரு சாமான் குறையாமல் பூட்டியதைத் தான் கண்டதில்லை, கொம்பனியிலிருந்து வந்தது மாதிரி இருக்கிறது என்றாராம். அந்த ஒழுங்குக்குக் காரணம் யார்? என் எரிச்சல். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

இனி செவ்வாய்க்கிழமை. பிளாசாவில் உள்ள அலுவலகம். ரஞ்சன் ஒரு தடித்த ஃபைலோடு வந்திருந்தார். கவுண்டரில் இருந்த இளம்பெண் ஓனர்ஷிப்பையும் சேஃப்டியையும் இன்னும் இரண்டு தாளையும் எடுத்தாள். ஃபைலைத் திறக்கவே இல்லை. என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னாள். வைத்தேன். டக் டக்கென்று அடித்தாள். முடிகிற மாதிரி இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. வாய் என்னையும் மீறி முந்திக்கொண்டது. இந்தக் காரில் எஞ்சின் மாற்றியிருக்கிறது, நம்பர் வேறு என்று அவளிடம் சொன்னேன். நினைத்துப் பாருங்கள். கையெழுத்தும் வைத்த பிறகு.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதுவும் பெட்ரோலா என்று கேட்டாள். ஓம். அதுவும் நாலு சிலிண்டரா? ஓம். அப்படியென்றால் மாற்ற ஒன்றுமில்லை, எஞ்சின் நம்பரை நாங்கள் பதிவதில்லை என்றாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வெளியே கார் நிறுத்துமிடத்துக்கு வந்தோம். இங்கே காரைக் கொடுத்தாலும் நம்பர் பிளேட் பழைய சொந்தக்காரரிடம்தான். என் இரண்டு பிளேட்டையும் கழற்றி ரஞ்சன் என் கையில் தந்தார். தன்னுடையதைப் பூட்டத் தொடங்கினார். கவுண்டரில் நான் செய்த காரியத்தை அவர் கண்டிருக்கிறார். நான்தான் ஏதாவது சொல்ல வேண்டும்.

"ரஞ்சன், உம்மை நான் வீணா அலைச்சுப்போட்டன் போல கிடக்கு."

அவர் திருகாணியை இறுக்கிக்கொண்டே சொன்னார்.

"ஒக்ரோபரிலையே நான் இஞ்ச வந்து கேட்டனான் அண்ணை. சேஃப்டியும் உங்கட கையெழுத்தும் போதும் எண்டு சொன்னவை."

நான் பிளேட்டுகளை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"அப்ப ஏன் ஐசே, அந்தக் குளிருக்குள்ள அவ்வளவு வேலையும் செய்தனீர்?"

"கையெழுத்து வைக்க உங்களுக்கு மனம் வர வேணும்தானே. அது வரும்வரைக்கும் நானும் ஏதாவது செய்துகொண்டிருக்க வேணும்."

குத்திக் காட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. உடுப்புக் காய வெயில் வரட்டும் என்று பார்த்திருந்தேன் என்பது மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பிறகு எழும்பிக் கையைத் துடைத்துவிட்டு, வாங்கோ அண்ணை ஒரு கோப்பி குடிப்பம் என்றார். குடித்தோம். காசும் அவரே கொடுத்தார்.

நேற்று விடிய ஆறு மணிக்கு என் போனுக்குச் சுமதியின் குரல் செய்தி ஒன்று வந்தது. முதல்நாள் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். கார் பஞ்சு மாதிரி ஓடுகிறதாம். "அத்தான், நீங்கள் இருந்து வாசிச்சு வாசிச்சு எல்லாம் ஒழுங்குபடுத்தித் தந்தபடியால்தான் சரிவந்தது எண்டு அவர் சொன்னவர். பெரிய உபகாரம்."

வசந்தி பக்கத்தில்தான் இருந்தாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஃபிரிட்ஜைத் திறந்து, தேவையில்லாமல் பாலைத் தேடினேன்.

காரில் எனக்கிருந்த பொறாமை, சத்தியமாக, அந்த நிமிடமே போய்விட்டது. இப்போது அந்த மனுசனின் குணத்தில் பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன் — இது அதைவிட எரிகிறது.