இரண்டாவது வாக்கியம்

ஒரு பெண் சொல்லாத சொல்லை அவர் சொன்னதாக நான் சொன்னேன். ஞானஸ்நானத் தண்ணீரில், கடவுளின் பெயரால் சொன்னேன்.

நடந்தவற்றை வரிசைப்படி எழுதுகிறேன். எண் போட்டு எழுதினால் ஒளிந்துகொள்ள இடம் குறையும்.

1. சென்ற ஆண்டு, மழை நாள் ஒன்றில், சரோஜாக்கா இடுப்பளவு ஓடைத் தண்ணீரில் நின்று தமிழில் ஒன்று சொன்னார்.

2. தமிழ் தெரியாத எங்கள் போதகருக்கு நான் அதைச் சிங்களத்தில் வேறொன்றாகச் சொன்னேன்.

3. போதகர் என்னை நம்பி அவரை முழுக்கி எடுத்தார்.

4. ஏழு மாதம் கழித்து சரோஜாக்காவின் அம்மா இறந்தார். பெற்றவளுக்கு வாய்க்கரிசி போட அவரை விடவில்லை.

5. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். என்னிடம் கேட்கவும் செய்தார்கள்!

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு எண் போட முடியவில்லை.

நான் யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவள். மின்னியல் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா முடித்து, இரண்டு வருடம் ஒரு தொழிற்சாலையில் மின்பலகைகளைச் சோதித்தேன். பிறகு அழைப்பு வந்தது... சபையில் அப்படித்தான் சொல்வோம். றக்வானைக்கு மேலே, பஸ் திரும்பிவிடும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடந்து ஏற வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு என்னை அனுப்பினார்கள். சபையின் தாள்களில் நான் மிஷனரி. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோருக்கும் டீச்சர்.

எங்களுடையது பாப்திஸ்து சபை. குழந்தைகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. வளர்ந்த ஒருவர் தானாக முன்வந்து, தன் வாயாலேயே விசுவாசத்தை அறிக்கையிட வேண்டும். அந்த அறிக்கை இல்லாவிட்டால் ஞானஸ்நானம் வெறும் குளியல். இதை எத்தனை ஞாயிற்றுக்கிழமை நானே போதித்திருக்கிறேன்!

என் அறை, கைவிடப்பட்ட பழைய பிள்ளைக் காம்பரா. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லக் கட்டியது. ஞாயிற்றுக்கிழமை அதுவே ஆலயம். பாட்டுக்குக் கைபேசி, பிரசங்கத்துக்கு நான். முன்னால் நாலைந்து பெண்கள், மழைக்கு ஒதுங்கிய சில பிள்ளைகள். என் பிரசங்கங்கள் எப்போதும் மூன்று குறிப்புகள் கொண்டவை. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு உட்குறிப்புகள்.

“டீச்சர் பேசுறது மருந்துச் சீட்டு வாசிக்கிற மாதிரியே இருக்கு. காலையில ஒன்னு, ராத்திரிக்கு ஒன்னுன்னு சொல்லிட்டா நாங்களும் எந்திரிச்சுப் போயிருவோம்ல?” என்று சரோஜாக்கா ஒருநாள் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வாரத்தில் நான் சிரித்தது அது ஒரு தடவைதான்.

வாரநாட்களில் வீடு வீடாகப் போவேன். வேதம் கேட்க யாரும் கூப்பிடமாட்டார்கள். பழுதான இஸ்திரிப்பெட்டி, புகைந்த சுவிட்சு, எரியாத பல்பு... இதற்குத்தான் கூப்பிடுவார்கள். திருத்திக் கொடுப்பேன். தேத்தண்ணி தருவார்கள். ஜெபிக்கவா என்று கேட்பேன். “ஜெபிங்க டீச்சர், அதுக்கென்ன” என்பார்கள். கண்ணை மூடி நான் ஜெபிக்கும்போது பின்னால் அடுப்பில் தாளிக்கும் சத்தம் கேட்கும்.

மூன்று வருடத்தில் ஒருவரும் தண்ணீரில் இறங்கவில்லை. இஸ்திரிப்பெட்டிகளே அதிகம் இரட்சிக்கப்பட்டன!

தனிமையை எப்படிச் சொல்வது? மூடுபனி இறங்கினால் எதிர்லயம் தெரியாது. கைபேசிக்குச் சிக்னல் வேண்டுமென்றால் பாறைக்கு ஏற வேண்டும். சில நாட்கள் மாலையில்தான் கவனிப்பேன், காலையிலிருந்து என் குரலை நானே கேட்கவில்லை என்று. எனக்கு ஜெபம் இருந்ததே என்பீர்கள். இருந்தது. ஆனால் ஜெபம் கதவைத் தட்டி, “சாப்டீங்களா?” என்று கேட்பதில்லையே...

சரோஜாக்கா கேட்பார். நாற்பத்தைந்து வயது. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அம்மாவோடும் அண்ணன் ராமையாவின் குடும்பத்தோடும் அடுத்த லயத்தில் இருந்தார். ராமையா மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர். பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வரும் வழியில், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு ஈரம் சொட்ட, என் வாசலில் ஐந்து நிமிடம் நிற்பார். அந்த ஐந்து நிமிடத்துக்காக நான் நாள் முழுதும் காத்திருந்தேன். இதுவும் குற்றத்தில் சேருமா?

போதகர் இரத்தினபுரியில் இருப்பவர், நல்ல மனிதர். தமிழில் “வாங்க”, “ஸ்தோத்திரம்” இரண்டும் தெரியும். ஒரு விஜயத்தின்போது வருத்தத்தோடு சொன்னார்: இந்த ஆண்டும் யாரும் ஞானஸ்நானம் பெறாவிட்டால் இந்த ஊழியத்தை மூடிவிட்டு என்னை வேறிடம் மாற்றுவார்களாம்.

அதைச் சரோஜாக்காவிடம் சொன்னேன். ஏன் சொன்னேன்? துக்கத்தைப் பகிர்ந்தேன் என்றுதான் இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். இல்லை... நான் தூண்டில் போட்டேன்.

மறுவாரம் வந்து கேட்டார்: “தண்ணில முங்கினா போதுமா டீச்சர்? வேற ஒன்னும் இல்லையே?”

வேறு எல்லாமே இருக்கிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். “போதகருக்கு முன்னால் சாட்சி சொல்ல வேண்டும்” என்று மட்டும் சொன்னேன்.

அன்று தூறல். பள்ளத்து ஓடையில் கல் அடுக்கித் தண்ணீரைத் தேக்கியிருந்தேன். நாங்கள் மூன்று பேர் மட்டுமே: தண்ணீரில் போதகரும் சரோஜாக்காவும், கரைக் கல்லில் நான். தூரத்துத் தேயிலைச் சரிவிலிருந்து இரண்டு பேர் பார்த்தார்கள். அவர்களுக்குக் கேட்டிருக்காது.

போதகர் சிங்களத்தில் இரண்டு கேள்விகள் கேட்டார். இயேசுவை இரட்சகராக ஏற்கிறாயா? பழைய வழிபாடுகளை விட்டுவிட்டாயா? நான் தமிழில் கேட்டேன். சரோஜாக்கா போதகரைப் பார்க்காமல் என்னையே பார்த்துச் சொன்னார்:

“என்னத்தச் சொல்ல... இந்தப் புள்ள மூணு வருசமா தனியா கெடந்து மாரடிக்குது. ஒருத்தரும் எறங்கலேன்னா மாத்திருவாங்களாம். அதுக்காக எறங்கிட்டேன். ஒங்க சாமி நல்ல சாமிதான், நான் ஒன்னும் சொல்லல. ஆனா எங்க மாரியம்மாவ நான் உடமாட்டேன்.”

போதகர் என் முகத்தைப் பார்த்தார்.

தொழிற்சாலையில் ஒரு பலகை சோதனையில் தேறாவிட்டால் சிவப்பு அட்டை ஒட்டி ஒதுக்கிவைப்பேன். யார் கெஞ்சினாலும் ஒட்டாமல் விட்டதில்லை. அப்படிப்பட்டவள் நான்!

முதல் வாக்கியம்: “இயேசுவை என் இரட்சகராக ஏற்றுக்கொள்கிறேன்.” இதையாவது பதற்றம் என்று நீங்கள் மன்னிக்கக்கூடும். ஆனால் நான் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, நிதானமாக, நல்ல சிங்களத்தில் இரண்டாவதையும் சொன்னேன்: “பழைய தெய்வங்களை விட்டுவிட்டேன்.”

போதகரின் கண் கலங்கியது. சரோஜாக்கா ஒரு கணம் அசையாமல் நின்றார். பிறகு தானே மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலை அறிக்கையில் எழுதினேன்: “ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார். சாட்சி தெளிவாக இருந்தது.”

சரிவில் நின்றவர்கள் ராமையாவிடம் சொல்லிவிட்டார்கள். அவர் தங்கையோடு பேச்சை நிறுத்தினார். ஒரே கூரையின்கீழ் தனி அடுப்பு வைத்தார்கள். ஆடித் திருவிழாவில் சரோஜாக்காவின் கையால் மாவிளக்கு வாங்கவில்லை. “அண்ணனுக்குக் கோவம் எறங்குனா சரியாயிரும் டீச்சர்” என்றார். அந்த ஐந்து நிமிடத்துக்கு அவர் தொடர்ந்து வந்தார். நானும் அதை வாங்கிக்கொண்டேன்!

பிறகு அம்மா போய்ச் சேர்ந்தார்.

சபை உறுப்பினரின் தாய் என்பதால் போதகரும் மலை ஏறி வந்திருந்தார். வாசலில் குடையோடு நின்றோம். உடலை எடுக்கும் நேரம். சுளகில் அரிசி. ஒவ்வொருவராகப் போட்டார்கள். சரோஜாக்கா ஒரு பிடி அள்ளிக்கொண்டு குனிந்தபோது ராமையா கையைக் குறுக்கே நீட்டினார்.

“முங்கி எந்திரிச்சவுகளுக்கு அரிசி எதுக்காம்?” என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்.

ராமையா அவளை அதட்டினார். பிறகு என்னிடம் திரும்பினார். அவர் கண்ணில் கோபம் இல்லை. வழி ஒன்று கிடைக்காதா என்று தேடும் முகம்.

“டீச்சர், நீங்க படிச்சவங்க, பொய் சொல்ல மாட்டீங்க. இவ மாரியம்மாவ உட்டுட்டாளா, உடலையா? உடலேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, வந்து போடட்டும். அவளும் இந்த வயித்துல பொறந்தவதானே...”

போதகர் என் காதருகே சிங்களத்தில் கேட்டார்: “என்ன சொல்கிறார்?”

ஒரே நேரத்தில் இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் ஒரே உண்மை. அதைச் சொன்னால் என் அறிக்கை, என் ஊழியம், என் பெயர் எல்லாம் அந்த வாசலிலேயே முடிந்திருக்கும்.

போதகரிடம் சொன்னேன்: “துக்கத்தில் இருக்கிறார்கள். நாம் கொஞ்சம் ஒதுங்கி நிற்போம்.”

ராமையாவிடம் சொன்னேன்: “அவங்க எங்க சபைதாங்க.”

கவனித்தீர்களா? இரண்டிலும் பொய் இல்லை. நான் அவ்வளவு கவனமானவள்...

சரோஜாக்கா கையை விரித்து அரிசியைச் சுளகிலேயே விட்டார். விரல்களில் ஒட்டியிருந்ததைக்கூடத் தட்டிவிட்டார்.

ஆண்கள் உடலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குத் தலைமுழுகப் போனார்கள். சரோஜாக்கா மட்டும் படியில் உட்கார்ந்திருந்தார். போதகர் அருகே போய் ஆறுதல் சொன்னார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அதற்குள் சரோஜாக்காவே பதில் சொன்னார். சிங்களத்தில். மழையில் இவ்வளவு தூரம் ஏறி வந்ததற்கு நன்றி என்றும், இருட்டுமுன் இறங்கிவிடுங்கள், பாதை வழுக்கும் என்றும்.

“அட, உங்களைவிட நன்றாகப் பேசுகிறாரே!” என்று போதகர் என்னிடம் வியந்துவிட்டு இறங்கிப் போனார்.

என் முன்னால் அவர் ஒரு சிங்களச் சொல்கூடப் பேசியதில்லை.

“ஒங்களுக்குச் சிங்களம்...”

“பலாங்கொடயில ஒரு ஊட்டுல ஏழு வருசம் வேலைக்கு நின்னேன். அதப் பேசினா அந்த ஊடு ஞாபகம் வரும். அதான் பேசுறதில்ல.”

“அப்ப ஓடையில...”

“வெளங்குச்சு. ரெண்டும் வெளங்குச்சு.”

இந்த நேரத்திலும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நீங்களே அண்ணன்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா!”

“சொல்லலாம். பொறகு ஒங்கள இந்த லயத்துல யாரு நிக்க உடுவா?” முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “அன்னைக்கும் ஒங்க மூஞ்சியத்தான் பாத்தேன் டீச்சர். இன்னைக்கும் பாத்தேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு.”

எழுந்து பீலிக்குப் போனார். மற்றப் பெண்கள் குளித்துத் திரும்பும்வரை பாதையோரம் தள்ளி நின்றார்.

நான்கு மாதமாகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கும் சரோஜாக்காவை அழைக்கவில்லை. போதகருக்கு ஒன்றும் தெரியாது, ராமையாவுக்கும் தெரியாது. என் ஊழிய காலத்தை இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்கிறேன். சரோஜாக்கா வருவதில்லை. கோயிலுக்கும் போவதில்லை. இப்போது கீழ்ப்பாதையால் மலைக்குப் போகிறார். உண்மையை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொன்னேன், உங்களுக்கு அவர்களைத் தெரியாது.